குழலுக்குள் குழல்

எடித் ப்ரீஸ் காலணியில் ஒட்டிய பனியைத் தட்டாமலே உள்ளே வந்துவிட்டாள். ஸ்ப்ரூஸ் லேண்டிங்கில் அப்படி நுழைகிறவர்கள் வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள். இல்லையென்றால் தன் நினைவில் இல்லாதவர்களாக இருப்பார்கள். எடித் முப்பது வருடமாக இந்த ஊர்க் கடையின் பின்கட்டில் ரொட்டி சுடுகிறவள்.

லைல் காரிட்டி தட்டில் இருந்த நான்காவது அப்பத்தை அப்படியே விட்டுவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். மேல் ஆற்றுப் பகுதிக்குத் தபாலும் சாமானும் கொண்டுபோகும் ஒரே விமானி அவன். அவனுக்கென்று ஒரு வீடு இருந்தது. ஆனால் அங்கே பேச ஆள் இல்லாததால் காலை நேரங்களில் தோரா ஹாகனின் சமையலறைக்கு வந்துவிடுவான்.

தோரா மாவு பிசைந்த கையோடு திரும்பினாள். அலாஸ்கா இன்னும் மாநிலமாகாத வருடங்கள் அவை. அந்த ஆற்றோரத்தில் பிறப்பைப் பதிவதும், கல்யாணம் செய்துவைப்பதும், சந்தேக மரணத்தை விசாரிப்பதும் ஒரே ஆளின் வேலை. கமிஷனர் என்று அதற்குப் பெயர். பதினாறு வருடமாகத் தோராதான் கமிஷனர்.

"அந்தப் போலீஸ் பையன் திங்கட்கிழமை என் அண்ணனை ஃபேர்பேங்க்ஸ் கோர்ட்டுக்குக் கொண்டுபோறான், தோரா. கைவிலங்கு போட்டு."

"உக்காரு எடித். காப்பி ஊத்தட்டுமா?"

"காப்பி கிடக்கட்டும். ஹார்லன் கொல்லலைன்னு நீ நம்பறியா இல்லையா?"

"நான் நம்பறதுனால ஒரு விலங்கும் கழலாது. நடந்ததைச் சொல்லு, முதல்லேர்ந்து."

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். என்றாலும் எடித் சொல்லச் சொல்லத் தோரா புதிதாகக் கேட்பதுபோல் கேட்டாள். நாற்பது மைல் மேலே, ஆறு கிளைபிரியும் இடத்தில் இரண்டே இரண்டு குடிசைகள். ஒன்றில் எடித்தின் அண்ணன் ஹார்லன் ப்ரீஸ், மற்றதில் ஆர்விட் ஸ்டென்மார்க். இருவரும் பொறிவைத்துத் தோல் எடுக்கிறவர்கள். ஒன்பது வருடத்துக்கு முன் ஹார்லன் இரவல் வாங்கிப்போன ஆர்விட்டின் நாய் ஆற்றுப் பனி உடைந்து செத்துப்போனது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அரை மைல் தூரத்தில் ஒருவர் குடிசைப் புகை மற்றவருக்குத் தெரியும். அவ்வளவுதான் உறவு.

போன செவ்வாய்க்கிழமை ஹார்லன் தன் நாய் வண்டியில் ஊருக்கு வந்து, "ஆர்விட் செத்துட்டான்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. போலீஸ் வேலை பார்க்கும் மார்ஷலின் உதவியாளன், இளைஞன் வால்ட்டர் நோலன் மேலே போய்ப் பார்த்தான். ஆர்விட் தன் கதவுக்கருகே குப்புறக் கிடந்தார். விலாவில் ஒரே ஒரு சிறிய குண்டு, கைத்துப்பாக்கிக் குண்டு. அந்த ஆற்றோரத்தில் கைத்துப்பாக்கி வைத்திருந்த ஒரே மனிதர் ஹார்லன்தான். அதில் ஆறு துளைகளில் ஐந்தில்தான் தோட்டா இருந்தது.

"ஆறாவது எங்கன்னு நோலன் கேக்கறான். அண்ணன் வாயைத் திறக்க மாட்டேங்கறார்" என்றாள் எடித்.

லைலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கயோ தெற்கே தெருவிளக்கு வெளிச்சத்துல வளர்ந்த பையன் அவன். தோட்டாவைத் தட்டற குதிரைக்குக் கீழ ஒரு துளையைக் காலியா விடாம இங்க எவன் நடப்பான்? தடுக்கி விழுந்தா தொடையில ஓட்டை."

"அதை நீ அவன்கிட்ட சொன்னியா?" என்றாள் தோரா.

"சொன்னேன். 'நீங்க விமானத்தை ஓட்டுங்க சார்'ன்னான்."

தோரா கையைக் கழுவிக்கொண்டாள். "சரி, விமானத்தையே ஓட்டு. அதுக்கு முன்னாடி ஹார்லனைப் பார்ப்போம்."

கடையின் பின்னறையில், மாவு மூட்டைகளுக்கு நடுவே ஹார்லன் உட்கார்ந்திருந்தார். கண் ஜன்னல் மேலேயே இருந்தது. ஜன்னலில் பனி பூத்திருந்ததால் அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"ஹார்லன், ஒன்பது வருஷமா மிதிக்காத வாசலை எதுக்கு மிதிச்ச?"

"கேக்காத, தோரா."

"தூக்குக் கயிறு வரைக்கும் போகும்."

"போகட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, "அவனை எங்க வெச்சிருக்கீங்க?" என்றார்.

"தேவாலயக் கொட்டகையில. மண்ணு இளகினதும் புதைப்போம்."

"தேவாலயத்துலதானே?"

"ஆமா."

ஹார்லன் தலையசைத்தார். கேட்க நினைத்தது அது ஒன்றுதான் போலிருந்தது. வெளியே வந்ததும் லைல், "ஆள் மேல இவருக்குக் கோபமே இல்லையே!" என்றான். தோரா கையுறையை மாட்டிக்கொண்டு விமானத்தைப் பார்த்து நடந்தாள். ஆனால் தேவாலயத்தைப் பற்றி ஹார்லன் கேட்டதை அவள் எங்கோ பத்திரப்படுத்திவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஆர்விட்டின் குடிசையில் அடுப்பு அணைந்து ஆறு நாளாகியிருந்தது. வெளியே இருந்த அதே குளிர் உள்ளேயும். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. மேசைக்கு மறுபக்கம் இன்னொரு நாற்காலி போட இடமிருந்தும் போடப்படவில்லை. லைல் வருடத்துக்கு இருமுறை இங்கே சாமான் இறக்கியிருக்கிறான். ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்ததாக நினைவில்லை.

தோரா வாசலில் இருந்தே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடுப்புக்கு மேலே கொடியில் முழங்கால் வரை உயரமுள்ள தோல் காலணிகள் தொங்கின. காய்ந்து பலகைபோல விறைத்திருந்தன. காற்சட்டையும் அப்படியே.

"ஆத்துல கால் விட்டிருக்கார். மேல பார்த்தா வெறும் பனி மாதிரி இருக்கும். கீழ தண்ணி ஒளிஞ்சிருக்கும்" என்றான் லைல்.

"இடுப்பு வரைக்கும் விட்டிருக்கார்."

அடுப்பருகே ஒரு தாழ்ந்த பெஞ்சு. அதன் பலகையில் நீளமாக ஒரு துருக்கறை. ஒரு முனை அடுப்பைப் பார்த்தது, மறுமுனை கதவைப் பார்த்தது. தோரா அதைக் கையுறையால் தடவினாள்.

கதவு உள்ளிருந்து குறுக்குக்கட்டை போடும் வகை. "நோலன் அறிக்கையில கட்டை எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"பிணத்துக்கு அடியில. தெரிஞ்ச ஆளுக்குக் கதவைத் திறந்துவிட்டார், அந்த ஆள் பெஞ்சுல உக்காந்துக்கிட்டே பின்னாலேர்ந்து சுட்டான், அதான் குண்டு கீழேர்ந்து மேல போயிருக்குன்னு எழுதியிருக்கான்."

"திறந்துவிட்ட கட்டையைக் கையிலேயே வெச்சுக்கிட்டு, விருந்தாளி பெஞ்சு வரைக்கும் போய் உக்காரட்டும்னு நின்னாராமா?"

லைல் குனிந்து கதவடியைப் பார்த்தான்.

வாசலை ஒட்டிய திறந்த கொட்டகையில் பொறிகள், கோடரி, ரம்பம், சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் ஒற்றைக்குழல் ரவைத் துப்பாக்கி எல்லாம் முளைகளில் மாட்டியிருந்தன. அந்தப் பக்கத்தில் துப்பாக்கியைக் குளிரிலேயேதான் விடுவார்கள். சூட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும், மறுபடி வெளியே எடுத்தால் வியர்வை உறையும். பொறிகளும் கோடரியும் உலர்ந்து மங்கலாக இருந்தன. துப்பாக்கி மட்டும் கண்ணாடி பூசியதுபோல் பனிக்கட்டிப் படலத்தோடு பளபளத்தது. தோரா அதை மடக்கித் திறக்கப் பார்த்தாள். அசையவில்லை.

சுவரில் காட்டுப்பூனைத் தோல்கள் நான்கு, சட்டத்தில் இழுத்துக் கட்டியபடி. நான்கிலும் காதுக்குப் பின்னால் ஒரே ஒரு துளை, பென்சில் நுழையும் அளவு.

"லைல், ஆர்விட்கிட்ட வேற துப்பாக்கி இருந்துச்சா?"

"வசந்த காலத்துலயே ரைஃபிளை என் மூலமாத்தான் வித்தார். இது ஒண்ணுதான்."

"ரவை போட்டா தோல் சல்லடையாயிடும். இது என்ன ஒரே துளை?"

லைல் தோலையே பார்த்துக்கொண்டு நின்றான். தோரா மெதுவாக, "இலையுதிர் காலத்துல அவருக்கு என்ன கொண்டுவந்த?" என்றாள்.

"மாவு, பீன்ஸ், மண்ணெண்ணெய்... அப்புறம் தபால்ல ஒரு பொட்டலம். இவ்வளவுதான் நீளம், கல்லு மாதிரி கனம். 'என்னய்யா, பல் செட்டா'ன்னு கேட்டேன். மனுஷன் சிரிக்கவேயில்லை. கூடவே ஒரு சின்ன டப்பா, அதுவும் கனம்தான்." அவன் குரல் தாழ்ந்தது. "நான்தான் கொண்டுவந்தேனா, தோரா?"

"நீ தபாலைக் கொண்டுவந்த. அதுக்குமேல எதையும் தலையில ஏத்திக்காத. அந்தத் துப்பாக்கியைப் போர்வையில சுத்து. உருகக்கூடாது."

ஊர் திரும்பியதும் தோரா அவனிடம் ஒரு விசித்திரமான வேலை சொன்னாள். அவள் வீட்டிலும் பழைய ஒற்றைக்குழல் ஒன்று இருந்தது. அதில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்தி, அதன் இடுக்கில் அரைக் கோப்பைத் தண்ணீரை ஊற்றி, வெளியே பனிமேட்டில் ஒரு மணி நேரம் கிடத்த வேண்டும். பிறகு விசையை அழுத்த வேண்டும்.

லைல் செய்துவிட்டு மூக்கு சிவக்க உள்ளே வந்தான். "அழுத்தினேன். குதிரை நின்னது நின்னபடி. செத்துப்போச்சு உங்க துப்பாக்கி."

"சாகலை. தூங்குது. எல்லாரும் வந்ததும் அந்த அடுப்பு பெஞ்சுல வை. வாய் சுவர்ப் பக்கம் இருக்கட்டும். அப்புறம் யாரும் தொட வேணாம்."

மதியம் இரண்டு மணிக்குச் சூரியன் மரங்களின் நுனியில் சாய்ந்திருந்தபோது, தோராவின் சமையலறையில் எல்லோரும் கூடினார்கள். ஹார்லன் விலங்கிட்ட கையை மடியில் வைத்திருந்தார். எடித் அவர் தோளைத் தொடலாமா வேண்டாமா என்று தவித்தபடி பக்கத்தில். நோலன் தொப்பியைக் கழற்றாமல் கதவோரம் நின்றான். மேசைமேல் விரித்த மாவுச் சாக்கில் ஆர்விட்டின் துப்பாக்கி கிடந்தது. பனிப்படலம் உருகிச் சொட்டத் தொடங்கியிருந்தது.

"மேடம், அந்தத் துப்பாக்கியை நான் பார்த்தாச்சு. ரவைத் துப்பாக்கி. குழல்ல என் கட்டைவிரலே போகும். அவரைக் கொன்ன குண்டு அதுல கடகடன்னு உருளும்" என்றான் நோலன்.

"வாய்ப் பக்கம் பார்த்தீங்க. திறந்து பார்த்தீங்களா?"

"திறக்க வரலை. உறைஞ்சிருந்துச்சு."

"மத்ததெல்லாம் உலர்ந்திருக்க, இது மட்டும் ஏன் உறைஞ்சுதுன்னு தோணலையா?"

தோரா துணியால் துப்பாக்கியைத் துடைத்து, தாழைத் தள்ளி மடக்கினாள். முனகிக்கொண்டு திறந்தது. பின்பக்கத்திலிருந்து ஒரு சாண் நீள எஃகுக் குழாய் வழுக்கிக்கொண்டு சாக்கின்மேல் விழுந்தது. வெளியே ரவைத் தோட்டாவின் பருமன், உள்ளே சன்னமான துளை. துளையின் அடியில் சுட்டு முடித்த ஒரு சிறிய பித்தளைத் தோட்டாக் கூடு.

"பல் செட்டு" என்று லைல் தன்னையறியாமல் சொன்னான்.

"இதை உள்ள போட்டா ரவைத் துப்பாக்கி கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும். ரைஃபிளை வித்துட்டார், தோலைக் கெடுக்கவும் மனசில்லை. அதனால தபால்ல வரவழைச்சார். அவர் சுவத்துல நாலு தோல், நாலுலயும் இந்தத் துளைதான்."

நோலன் குனிந்து பார்த்தான். முகம் மாறியது, ஆனால் விடவில்லை. "சரி, குண்டு இதுலேர்ந்தே வந்திருக்கட்டும். விசையை அழுத்தினது யாரு? ப்ரீஸ் அங்க இருந்தார். இதையே எடுத்துச் சுட்டிருக்கலாமே."

"அன்னிக்கு ஆர்விட் ஆத்துல விழுந்தார்," என்றாள் தோரா, கேள்வியே காதில் விழாததுபோல். "இடுப்பு வரைக்கும் தண்ணி, துப்பாக்கியும் நனைஞ்சுது. மைனஸ் நாப்பதுல ஈரம் நிமிஷத்துல கட்டியாகும். வழியில எதையோ பார்த்துக் குதிரையை இழுத்து, விசையை அழுத்தியிருக்கார். குதிரை விழலை. தோட்டா உள்ளேயே இருக்கு, திறக்கவும் வரலை. அதை அப்படியே கொட்டகையில மாட்ட முடியுமா? வேற வழியில்லாம, எந்தப் பொறிக்காரனும் செய்யாததைச் செஞ்சார். வீட்டுக்குள்ள கொண்டுபோய், உருகட்டும்னு அடுப்பு பெஞ்சுல வெச்சார். பலகையில துருக்கறை இருக்கு, போய்ப் பாருங்க. வாயைக் கட்டில் பக்கம் வைக்கலை, மேசைப் பக்கமும் வைக்கலை. கதவுப் பக்கம் வெச்சார்."

"கதவுப் பக்கமா? யாராவது வந்தா?" என்றாள் எடித்.

"ஒன்பது வருஷமா அந்தக் கதவு வழியா யாரும் வரலையே, எடித்."

நோலன் தொண்டையைக் கனைத்தான். "அதெல்லாம் சரி மேடம். துப்பாக்கி தானா சுடாது. யாராவது ஒருத்தர்—"

டக்!

அடுப்புப் பெஞ்சில் கிடந்த தோராவின் துப்பாக்கி யாரும் தொடாமல் குதிரையை விழவிட்டது. நோலன் துள்ளிய துள்ளலில் தொப்பி கீழே போனது. லைலும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். காலி என்று இரண்டு முறை பார்த்தவனே அவன்தான்.

"ஒரு மணி நேரம் முன்னாடி லைல் அழுத்தின விசை. இப்பத்தான் பனி வழிவிட்டுச்சு" என்றாள் தோரா.

நோலன் தொப்பியை எடுக்கக்கூட இல்லை. "ஆனா அது கொட்டகையில மாட்டியிருந்துச்சே. செத்தவர் எழுந்து போயா மாட்டினார்?"

"நான்தான் மாட்டினேன்" என்றார் ஹார்லன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் மேசையில் கிடந்த சிறு குழாயைப் பார்த்தபடி பேசினார், யாரிடமும் சொல்வதுபோல் இல்லை.

"மேட்டுலேர்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். தண்ணிக்குள்ள போனான், எழுந்தான். வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தான். புகை வந்துச்சு. சரி, பிழைச்சுட்டான்னு திரும்பிட்டேன். மனசு கேக்கலை. கால் மரத்திருந்தா? விரல் போயிருந்தா? போய்த் தட்டினேன். 'யாரு'ன்னான். 'ஹார்லன்'னேன். உள்ள சத்தமே இல்லை. ரொம்ப நேரம் இல்லை, ஆனா எனக்கு ரொம்ப நேரமா இருந்துச்சு. அப்புறம் வெடிச்சுது. கதவைத் தள்ளினா கிடக்கறான். கீழ துப்பாக்கி." அவர் மூச்சை இழுத்தார். "என் மூஞ்சியைப் பார்க்கறதை விட இது தேவலைன்னு பண்ணிக்கிட்டான்னு நினைச்சேன்."

"ஐயோ, அண்ணா!" என்றாள் எடித்.

"தானே சுட்டுக்கிட்டவனைப் பாதிரியார் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே தள்ளிப் புதைப்பார். அதான் துப்பாக்கியை எடுத்து அதோட இடத்துல மாட்டினேன். நான் ஒரு நாயைத்தான் கொன்னேன்னு இவ்வளவு நாள் நினைச்சிருந்தேன்."

'தேவாலயத்துலதானே' என்று ஹார்லன் காலையில் கேட்டது லைலுக்கு இப்போதுதான் விளங்கியது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டான்.

தோரா எழுந்து வந்து ஹார்லனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "நீ அவன் காயத்தைப் பார்க்கலை, இல்லையா?"

"முடியலை."

"நான் பார்த்தேன். குண்டு பின்விலாவுல நுழைஞ்சிருக்கு. அங்க தன் கையால ஒருத்தன் சுட்டுக்க முடியாது. கம்பளிச் சட்டையில தீக்கருகல் இல்லை, அதனால துப்பாக்கி தள்ளி இருந்திருக்கு. வெடிச்ச உதைப்புல பெஞ்சுலேர்ந்து விழுந்துச்சு, நீ அவன் பக்கத்துல பார்த்தது அதைத்தான். அப்புறம் ஒண்ணு. கதவுக்கட்டை அவனுக்கு அடியில கிடந்துச்சு. நீயும் பார்த்திருப்ப, ஆனா உன் மனசுல பதியலை. சாகப்போறவன் எழுந்து வந்து கட்டையை எடுக்க மாட்டான், ஹார்லன். நீ பேர் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்து, துப்பாக்கிக்குக் குறுக்கே நடந்து வந்து, கட்டையைத் தூக்கினான். உனக்குக் கதவைத் திறந்துக்கிட்டு இருந்தான்."

ஹார்லன் அசையவில்லை. விலங்கிட்ட கைகள் மட்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டன.

"கட்டையை எடுத்துட்டானா?"

"முழுசா எடுத்துட்டான்."

அவர் அதை இன்னொரு முறை கேட்டார். தோரா இன்னொரு முறை சொன்னாள்.

நோலன் முன்னால் வந்து குனிந்து விலங்கைத் திறந்தான். சாவி இரண்டு தரம் வழுக்கியது. "ஆறாவது தோட்டா..." என்று முணுமுணுத்தான். "குதிரைக்குக் கீழ காலியா விடறதுன்னு இவர் சொன்னார். நான் கேக்கலை. மன்னிச்சுக்குங்க, மிஸ்டர் ப்ரீஸ்."

"நீ என்ன பண்ணுவ. நான்தான் வாயைத் திறக்கலையே."

எடித் அண்ணனைக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சூடாக ஏதாவது கொடுக்கலாம் என்று எழுந்தாள். ஹார்லன் தலையாட்டி மறுத்தார்.

"ஆர்விட்டோட பொறியெல்லாம் இன்னும் விரிச்சபடியே கிடக்கு. இருபது மைல். ஆள் போய் ஆறு நாளாச்சு. எதாவது மாட்டிக்கிட்டு உயிரோட கிடந்தா? போய் எல்லாத்தையும் மூடணும். அவன் தடம் எனக்குத் தெரியும்." பிறகு லைலைப் பார்த்தார். "வெளிச்சம் இருக்கா?"

"கிளம்பினா இருக்கு" என்றான் லைல்.

ஆற்றுப் பனிமேல் இறங்கும்போது ஒரே ஒரு சிவப்புக் கோடுதான் வானத்தில் மிச்சம் இருந்தது. ஹார்லன் பனிக்காலணிகளைக் கட்டிக்கொண்டு ஆர்விட்டின் குடிசைப் பக்கம் நடந்தார். லைல் இயந்திரத்தை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தான். ஆளை இறக்கியதும் மேலே கிளம்பிவிடுவதுதான் அவன் வழக்கம். பதினோரு வருடத்தில் இந்தக் கிளையாற்றில் அவன் பத்து நிமிடத்துக்குமேல் நின்றதில்லை.

குடிசைக்குள் விளக்கு ஏறியது. கொஞ்ச நேரத்தில் புகைபோக்கியிலிருந்து புகை நேராக எழுந்தது. காலையில் பொறித்தடத்துக்குக் கிளம்பும் வரை அந்த ஒற்றை நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார் என்று லைல் நினைத்தான்.

அவன் இயந்திரத்தை அணைத்தான். நிசப்தம் காதில் அடித்தது. அந்தக் குளிரில் உறைந்துபோகாதபடி இயந்திரத்து எண்ணெயை வடித்து அடுப்பருகே வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை யாராலும் எங்கும் போக முடியாது. டப்பாவை அடியில் வைத்து, திருகைத் திறந்தான். எண்ணெய் கறுப்பாக, ஆவி பறக்க, மெதுவாக இறங்கியது. கடைசிச் சொட்டு வரை காத்திருந்துவிட்டு, சூடான டப்பாவை இரு கையிலும் தூக்கிக்கொண்டு, இருக்கைக்குப் பின்னாலிருந்த சாமான் பெட்டியையும் உட்காருவதற்காகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெளிச்சத்தை நோக்கி நடந்தான்.